அரசர் வயிற்றில் பேசிய குரல்

முன்னொரு காலத்தில் முல்லைமலை நாட்டை விறல்வேள் என்றொரு அரசர் ஆண்டார். கோபம் வந்தால் பட்டத்து யானையையே நாடு கடத்துவார். மனம் மாறினால் மேளதாளத்தோடு திரும்ப அழைப்பார். அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் அரசவையில் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார்.

அவர் வயிறு பேசியது.

"கொர்ர்ர்... தா... தா..."

பாழுங்கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவது போல இருந்தது. அரசரின் வாயோ மூடியே இருந்தது. சாமரம் வீசிய பெண் அதைப் போட்டுவிட்டு ஓடினாள். மறுநாளும் அதே குரல்.

அரண்மனைச் சோதிடர் காரிக்கண்ணருக்கு அமைச்சர் குயிலனாரைக் கண்டாலே ஆகாது. சோதிடர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மன்னா, இது உங்கள் சிற்றப்பா. நிலவறையில் பசியால் செத்தவர். அந்தப் பசி உங்கள் வயிற்றில் குடியேறிவிட்டது."

அரசருக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. அரியணைக்காகச் சிற்றப்பாவை நிலவறையில் தள்ளிச் சுவரெழுப்பியவரே அவர்தான்.

"என்ன கேட்கிறார்?"

"அறிவு நிறைந்த தலை ஒன்று. இந்த அவையில் அப்படியொரு தலை அமைச்சருடையதுதான்!"

வாள்காரன் முன்னால் வந்தான். குயிலனார் அரசரைப் பார்த்துக் கைகூப்பினார்.

"தருகிறேன், மன்னா. மூன்று நாள் மட்டும் பொறுங்கள். அதுவரை நீங்கள் கஞ்சியும் நான் தரும் கஷாயமும் மட்டும் குடியுங்கள். உங்கள் வழக்கமான விருந்து பேய்க்குப் படையலாகட்டும். பேயின் பாஷை அறிந்தவர் சோதிடர்தானே? அதன் சார்பில் அவரே உண்ணட்டும்."

காரிக்கண்ணருக்கு வாயெல்லாம் பல். மூன்று நாளும் நெய்யில் வறுத்த மொச்சை, பலாக்கொட்டைப் பொரியல், சேப்பங்கிழங்கு என்று மூக்குமுட்டத் தின்றார். அரசரோ ஓமமும் சுக்கும் பெருங்காயமும் போட்டுக் காய்ச்சிய வெந்நீரைக் குடித்து நீளமாக ஏப்பம் விட்டார்.

நான்காம் நாள் அவை கூடியது. யாரும் மூச்சுவிடவில்லை. அரசர் வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தார். சத்தமே இல்லை.

திடீரென்று, "கொர்ர்ர்... தா... தா... தா..."

எல்லாத் தலைகளும் மெதுவாகத் திரும்பின. சோதிடர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சிற்றப்பா உம்மிடம் வந்துவிட்டார்!" என்று அலறினார் அரசர். "தலையைத்தானே கேட்கிறார்? வாள்காரா!"

கழுத்தில் வாள் பட்டதும் காரிக்கண்ணர் தரையில் விழுந்தார். "ஐயோ மன்னா, பேயுமில்லை, ஒன்றுமில்லை! மொச்சை தின்ற வாயு!"

"அப்படியானால் மன்னர் வயிற்றில் இருந்தது?" என்று கேட்டார் குயிலனார்.

"அதுவும் வாயுதான்!"

அவை குலுங்கிச் சிரித்தது. குயிலனார் வாளை விலக்கச் சொல்லி, சோதிடருக்கும் ஒரு குவளை ஓமக் கஷாயம் கொடுத்தார். அன்றிலிருந்து அரண்மனை மருந்துச் சாலையில் சுக்கு இடிப்பது காரிக்கண்ணரின் வேலையாயிற்று. அமைச்சருக்கு அரசர் தன் கழுத்து முத்துமாலையையே கழற்றிப் போட்டார்.

ஆனால் அரசர் மட்டும் சிரிக்கவில்லை.

"குயிலனாரே, வயிறு அடங்கிவிட்டது. எனக்கு இன்னும் அந்தக் குரல் கேட்கிறதே."

"அதற்கு என்னிடம் மருந்தில்லை, மன்னா."

அரசர் எழுந்தார். கடப்பாரை கொண்டுவரச் சொன்னார். நிலவறைச் சுவரைத் தன் கையாலேயே இடித்து, உள்ளே கிடந்த எலும்புகளைப் பொறுக்கிப் பட்டில் கட்டி எடுத்து வந்தார். ஊரறியத் தன் குற்றத்தைச் சொல்லி, சிதைக்குத் தீ வைத்தார்.

அதன்பிறகுதான் அரசருக்குச் சோறு இறங்கியது.