பஞ்சவர்ணம் திரும்பி வராத கதை

நட்சத்திரங்களுக்கு வாய் இருந்த அந்தக் காலத்தில், தோசைக்கல் போலத் தட்டையான ஒரு விண்மீன் மண்டலத்தில் பஞ்சவர்ணம் என்ற வாயு மேகம் இருந்தாள். அவள் உடம்பு திரண்டுதான் நட்சத்திரங்கள் பிறக்கும். நிதானமானவள். ஒன்றைப் பெற்று ஆளாக்கிய பிறகுதான் அடுத்ததை நினைப்பாள்.

ஒருநாள் பக்கத்து மண்டலத்துப் பெரியம்மா அந்த வழியாகப் போனாள். போகிறவள் சும்மா போகக் கூடாதா? இடித்துக்கொண்டு போனாள். பஞ்சவர்ணம் மொத்தமாக நடுவில் போய் நெருக்குண்டாள். ஒரே மூச்சில் லட்சம் பெண்கள் பிறந்துவிட்டார்கள். அத்தனை பேருக்கும் பெருத்த உடம்பு, நீல நிறம், மூக்குக்கு மேல் கோபம்.

"அம்மா, நீ எங்களை இப்படிப் போர்த்திக்கிட்டே இருந்தா எங்க முகம் யாருக்குத் தெரியும்?" என்றாள் நீலாயதாட்சி. தான்தான் மூத்தவள் என்பது அவள் நினைப்பு.

"கொஞ்சம் பொறுடி. வயித்துல கடைக்குட்டி இருக்கா. அவ பொறக்குற வரைக்கும் நான் இங்க அசையாம குளுந்து கிடக்கணும். அவ்வளவு அவசரம்னா ஒவ்வொருத்தியா மெதுவா ஊதி விலக்கிக்குங்க."

நல்ல யோசனைதான். ஆனால் யார் முதலில் ஊதுவது?

"மூத்தவ நான்தானே?"

"யாருடி சொன்னது? நீ பொறந்தப்பதான் நானும் பொறந்தேன்!" என்று பாய்ந்தாள் பக்கத்திலிருந்த குஞ்சம்மா.

ஆயிரம் வருஷம் சண்டை. கடைசியில் குஞ்சம்மாவே ஒரு வழி சொன்னாள்: "யாருக்கும் மனக்கஷ்டம் வேணாம். எல்லாரும் ஒண்ணா ஊதிருவோம்."

பிறந்ததிலிருந்து அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். என்ன ஒற்றுமை, பாருங்கள்! லட்சம் பேரும் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினார்கள்.

பக்கவாட்டில் தூசியும் புழுதியும் அடைத்துக் கிடந்தன. பஞ்சவர்ணத்துக்கு வேறு வழியில்லை. பாதி மேலேயும் பாதி கீழேயுமாகப் பிய்த்துக்கொண்டு பறந்தாள்.

"அடேயப்பா, என்ன ஜொலிப்பு!" என்று தூரத்திலிருந்து பெரியம்மா வாயைப் பிளந்தாள். பெண்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம்தான் குஞ்சம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"அம்மா எங்கடி?"

"அம்மா, திரும்பி வா!" என்று எல்லோரும் அலறினார்கள். நட்சத்திரம் வாயைத் திறந்தால் வருவது காற்றுதானே? பஞ்சவர்ணம் இன்னும் ஆயிரம் காதம் தள்ளிப் போனாள்.

"கத்தாதீங்கடி! நீங்க கூப்பிடக் கூப்பிடத்தான் நான் தூரமாப் போறேன்! வாயை மூடுங்க, நானே இறங்கி வந்துடுறேன்!"

அழுகிற பிள்ளைகள் எந்த ஊரில் சொன்னதும் வாயை மூடின? தொண்டை கிழிந்து சிலர் வெடித்தே போனார்கள். அதில் அவள் இன்னும் தள்ளிப் போனாள்.

பிள்ளைகளைக் கட்டிக்கொண்டே இருந்ததில் அவர்கள் முகத்தைப் பஞ்சவர்ணமும் அதுவரை பார்த்ததில்லை. அங்கிருந்துதான் முதல் தடவையாகப் பார்த்தாள். எல்லாம் அவள் ஜாடைதான். கோபம் போய்விட்டது, ஏக்கம் போகவில்லை. கடைக்குட்டியை வயிற்றில் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அன்றிலிருந்துதான், பெரிய நட்சத்திரங்கள் கூட்டமாகப் பிறக்கிற மண்டலங்களில் வாயு மேலும் கீழும் புகையாகக் கிளம்பிப் போகிறது. அக்காமார் கூப்பிட்டு ஓய்கிற வரைக்கும் கடைக்குட்டி பிறப்பதில்லை.