சாவா மூவா ஆடுகள்

வண்டித்தடம்கூட விழாத காலத்துக் கதை இது, கேளுங்கள்.

உப்பு வணிகன் மனைவி செங்காணி, பொட்டல்வெளிச் சத்திரம் ஒன்றில் தன் கைக்குழந்தையைப் பறிகொடுத்தாள். காய்ச்சலில் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. சுற்றுவட்டாரத்தில் ஒரு மிடறு பால் கிடைக்கவில்லை.

அழுது ஓய்ந்தபின் நகைகளை விற்று முப்பது வெள்ளாடுகள் வாங்கினாள். சத்திரத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு நாள்தோறும் பால் தரவேண்டும் என்று சொல்லி, இடையன் காரியிடம் ஒப்படைத்தாள். அந்நாளில் அறத்துக்கு விட்ட ஆடுகளைச் சாவா மூவா ஆடுகள் என்பார்கள். சாகாத, மூப்படையாத ஆடும் உண்டா என்று சிரிக்காதீர்கள். ஓர் ஆடு போனால் அதனிடத்தில் ஒரு குட்டி நிற்கும், மந்தை குறையாது. மிஞ்சிய குட்டிகள் மேய்ப்பவனுக்கு. இதைக் கல்லில் வெட்டுவித்து, கடைசியில் ஒரு வரியும் சேர்த்தாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆண்டுகள் போயின. ஒரு கோடையில் கொள்ளைநோய் வந்தது. அறத்தின் பட்டியில் ஓர் ஆடும் தப்பவில்லை. காரியின் சொந்தப் பட்டியில், அவன் தகப்பன் வழி வந்த ஆடுகளில் மூன்று மட்டும் பிழைத்தன.

செத்தது தர்மத்து ஆடு, உன்மேல் குற்றமில்லை, உன் ஆட்டை ஈடாகத் தரவேண்டியதில்லை என்றார் ஊர்த்தலைவர். சத்திரக்காரரும் அதையே சொன்னார். காரியின் மனைவி நீலியும் அதையே சொன்னாள். அவர்கள் வீட்டு அடுப்பு எரிவதே அந்த மூன்றால்தான். காரிக்கும் அது நியாயமாகவே பட்டது.

மறுநாள் காலை சத்திரத்தில் ஒரு குழந்தை அழுதது. விட்டுவிட்டு அழுதது. நீலிதான் முதலில் எழுந்தாள். மூன்று ஆடுகளையும் அவிழ்த்து அறத்தின் பட்டிக்கு ஓட்டினாள்.

"நம்ம கூழுக்கு வேற வழி பாத்துக்கலாம். அந்தப் பிள்ளைக்கு வேற வழி இல்ல" என்றாள்.

காரி கூலிக்கு மேய்த்தான். நீலி கீரை பறித்து விற்றாள். மூன்று ஆடு பத்தாயிற்று, பத்து முப்பதாயிற்று.

ஒருநாள் தலைநரைத்த செங்காணி அவ்வழியே வந்தாள். சத்திரத்து வாசலில் யாரோ ஒருத்தியின் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்து நின்றாள். பிறகு, இவை தான் விட்ட ஆடுகளின் வழிவந்தவையா என்று கேட்டாள்.

காரி தலைகுனிந்தான். "இல்ல தாயே. உங்க ஆட்டு வழியில ஒண்ணுகூட மிஞ்சல. ஆனா பால் மட்டும் நிக்கல."

எப்படி என்று சத்திரக்காரர் சொன்னார். செங்காணி மெல்லக் குனிந்து, காரி, நீலி இருவர் காலடியிலும் தலையை வைத்தாள். பதறிப்போய் நீலி அவளைத் தூக்கினாள்.

"விடும்மா, கல்லுல அன்னிக்கே எழுதிட்டேன்" என்றாள் செங்காணி.

அந்தக் கடைசி வரி இதுதான்: இந்த அறத்தைக் காப்பவர் பாதம் என் தலைமேல்.

அறக்கட்டளை என்பது கொடுத்தவர் பொருளால் தொடங்கினாலும், அதைத் தன்னுடையதாய் எண்ணிக் காப்பவர் மனத்தால்தான் நிலைக்கிறது.