நடு நரம்பில் விழுந்த தையல்

காட்டுக் குளத்தின் கரையில் ஊசிவாய்ச்சி என்ற தையல்சிட்டு தன் புருஷன் துடுக்கனோடு குடியிருந்தாள். இருவருமே கட்டைவிரல் பருமன்தான். ஆனால் துடுக்கன் வாலைத் தூக்கிக்கொண்டு கத்தினால் கரை முழுக்கக் கேட்கும்.

அந்த வருஷம் மழைக்குப் பிறகு நுணாச் செடி அகல அகலமாக இலை விட்டிருந்தது. ஊசிவாய்ச்சி அதில் இரண்டு இலைகளைத் தேர்ந்தெடுத்தாள். பறிக்கவில்லை. செடியில் இருந்தபடியே இரண்டையும் இழுத்துச் சேர்த்து, ஓரத்தில் அலகால் ஓட்டை போட்டு, இலவம்பஞ்சைத் திரித்துக் கோத்துத் தைத்தாள். அழகான ஒரு பை ஆனது. உள்ளே பஞ்சு மெத்தை போட்டாள். வீடு தயார்! அதில் மூன்று முட்டையும் இட்டாள்.

பக்கத்தில் வந்து நின்றாலும் அது இலை என்றுதான் தெரியும். வீடு என்று தெரியாது. அந்த வீட்டுக்குப் பூட்டும் அதுதான், காவலும் அதுதான்.

தையல்சிட்டுகளிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. தையல் இலையின் ஓரத்தோடு நின்றுவிட வேண்டும். நடு நரம்புப் பக்கம் அலகு போகக் கூடாது. ஓரத்தில் நாலு ஓட்டை விழுந்தால் இலை பொறுத்துக்கொள்ளும். நடுவில் குத்தினால் இலைக்குத் தண்ணீர் ஏறாது. இலை செத்துப் போகும். இது ஊசிவாய்ச்சிக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தாள் என்று நான் சொல்ல மாட்டேன்.

அதே காட்டில் ஒரு வால்காக்கை இருந்தது. முட்டையும் குஞ்சும் என்றால் அதற்கு உயிர். ஆனால் அந்த வருஷம் இலைகள் அடர்ந்து கிடந்ததால் ஒரு கூடுகூட அதன் கண்ணில் படவில்லை. பசியில் வயிறு ஒட்டிப்போய்க் கிடந்தது.

ஒருநாள் ஊசிவாய்ச்சி பஞ்சு எடுக்க இலவ மரத்துக்குப் போனாள். உச்சிக் கிளையில் வால்காக்கை உட்கார்ந்திருந்தது. அவளுக்குப் பகீரென்றது.

"பயப்படாதே, தங்கச்சி! உன் வீடு எங்கேன்னு நான் கேட்க மாட்டேன். நீயும் சொல்லாதே. எனக்கெதுக்கு அந்த வம்பு?" என்றது வால்காக்கை.

இப்படிப் பேசுகிறவனை எப்படிச் சந்தேகப்படுவது? ஊசிவாய்ச்சி பறக்காமல் நின்றாள்.

"மேற்கால தோப்புல ஒரு தையல்சிட்டு வீடு பார்த்தேன். அடடா! சுவர் முழுக்கப் பூத்தையல். நடுவுல ஒரு தாமரை. சுத்திலும் சங்கிலித் தையல். பார்க்கிறவங்க எல்லாம் அசந்து நிக்கிறாங்க!"

"சுவர் நடுவுலயா அண்ணே? இலை காஞ்சுடாதா?"

"அதெல்லாம் கைவேலை தெரியாதவங்க சொல்றது. ரொம்ப சுலபம் தங்கச்சி. கொஞ்சம் இலவம்பஞ்சு, கொஞ்சம் சிலந்தி நூல், ரெண்டு முருக்கம்பூ இதழ். நீயே உட்கார்ந்து ஒரு மத்தியானத்துல முடிச்சுடலாம். உன் அலகு வாகுக்கு அவளைவிட நல்லாவே வரும். சும்மா ஓரம் மட்டும் அடிச்சு விட்டா அது வீடா? சாக்குப்பை!"

அந்தச் 'சாக்குப்பை' ஊசிவாய்ச்சியின் நெஞ்சில் தைத்துவிட்டது. வீடு திரும்பி, சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நேற்று வரை அழகாக இருந்த வீடு இன்றைக்கு மொட்டையாகத் தெரிந்தது.

அவள் அலகை நடு நரம்புக்குக் கொண்டுபோனபோது துடுக்கன் பதறி ஓடி வந்தான்.

"ஏ புள்ள! என்ன பண்றே? அது நரம்பு!"

"எனக்குத் தெரியாதா? மேற்குத் தோப்புக்காரி தைக்கலையா? அவ இலை மட்டும் இரும்பா?"

"அவ எப்படியோ போறா. நம்ம முட்டை உள்ளே இருக்கு!"

"நம்ம குஞ்சுங்க ஒரு சாக்குப்பைக்குள்ள கண்ணு முழிக்கணுமா? நீங்க போய்ப் பூச்சி பிடிச்சுட்டு வாங்க!"

துடுக்கன் போனான். போயிருக்கக் கூடாது.

அவன் திரும்பி வந்தபோது சுவரில் வெள்ளைப் பஞ்சில் ஒரு தாமரை பூத்திருந்தது. சுற்றிலும் சங்கிலித் தையல். வாசலில் சிவப்பு இதழ்த் தோரணம். பக்கத்துப் புதரில் குடியிருந்த தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து மொய்த்தன.

"அம்மாடி! என்ன அழகு!"

"அண்ணே, நீங்க கொடுத்து வச்சவங்க!"

துடுக்கனின் வால் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது. திட்ட வாயெடுத்தவன் திட்டவில்லை. "நம்ம வீட்டுக்காரி கை அப்படி!" என்றான்.

சில நாளில் குஞ்சு பொரித்தது. மூன்று குஞ்சுகள். உடம்பில் ஒரு மயிர்கூட இல்லை. அலகைத் திறந்தால் உள்ளே மஞ்சளாகத் தெரியும். அம்மா வந்தாலும் திறக்கும், காற்றடித்தாலும் திறக்கும். அவ்வளவுதான் அவற்றுக்குத் தெரிந்த உலகம். ஊசிவாய்ச்சி புழுவைக் கொண்டுவந்து ஊட்டும்போதெல்லாம் தன்னையே மறந்துபோவாள்.

ஆனால் இலை வாடத் தொடங்கியிருந்தது. முதலில் தாமரையைச் சுற்றி மஞ்சள் படர்ந்தது. அடுத்து நுனி கருகியது. செடி முழுக்கப் பச்சை, நடுவில் அந்த வீடு மட்டும் பழுப்பு. தூரத்திலிருந்தே தெரிந்தது.

"குஞ்சுகளைத் தூக்கிட்டு வேற இடம் போயிடலாமா?" என்று கேட்டாள் ஊசிவாய்ச்சி.

"எதை வச்சுத் தூக்குவே? அதுங்களுக்கு இறக்கை முளைக்கிற வரைக்கும் இங்கேதான் கிடக்கணும்," என்றான் துடுக்கன்.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குளத்தங்கரைப் பாசியைக் கொண்டுவந்து பழுப்பின் மேல் வைத்துத் தைத்தாள். வெளியே பச்சை தெரிந்தால் போதும் என்று நினைத்தாள். அதற்கும் ஓட்டை போட வேண்டியிருந்தது. ஏற்கெனவே சாகிற இலையில் இன்னும் ஓட்டைகள்! வெயிலில் பாசியும் காய்ந்து கருத்தது. இலை மொரமொரவென்று ஆகிவிட்டது.

அப்போதுகூட அவள் யாரிடம் யோசனை கேட்கப் போனாள் தெரியுமா? அந்த வால்காக்கையிடம்!

"அண்ணே, இலை பழுத்துப் போச்சு. என்ன பண்றது?"

"அப்படியா?" வால்காக்கை தலையைச் சாய்த்துக் கேட்டது. "நல்லாப் பழுத்துடுச்சா?"

"முழுசாப் பழுப்பு அண்ணே. பாசி வச்சுப் பார்த்தேன். நிக்கலை."

"இன்னும் ரெண்டு பூ போடு. நிறம் தெரியாது. குஞ்சு பொரிச்சாச்சா?"

"நேத்துத்தான் கண்ணைத் திறந்துச்சுங்க."

"நல்லது தங்கச்சி. ரொம்ப நல்லது," என்றது வால்காக்கை.

அவள் பஞ்சை அலகில் கவ்விக்கொண்டு வழக்கம்போல் சுற்று வழியில்தான் திரும்பினாள். யாரும் பின்னால் வரக் கூடாதே என்ற எச்சரிக்கை. பாவம்! யாரும் பின்னால் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. வால்காக்கை உச்சிக் கிளையிலிருந்து கரையை ஒருமுறை பார்த்தது. அத்தனை பச்சையில் ஒரே ஒரு பழுப்பு. நேராகப் பறந்தது.

ஊசிவாய்ச்சி வந்து சேர்ந்தபோது வால்காக்கை நுணாக் கிளையில் உட்கார்ந்து சுவரைக் கிழித்துக்கொண்டிருந்தது. பச்சை இலையாக இருந்திருந்தால் வளைந்து கொடுத்திருக்கும். காய்ந்த இலை ஒரே கொத்தில் உடைந்தது. துடுக்கன் அதன் தலையைச் சுற்றிச் சுற்றிப் பறந்து கத்தினான். அலகால் குத்தினான். ஒரு சிட்டு குத்தி வால்காக்கைக்கு என்ன ஆகப்போகிறது?

"அண்ணே! நீங்களா!" என்று அலறினாள் ஊசிவாய்ச்சி. "வீடு எங்கேன்னு கேட்க மாட்டேன்னு சொன்னீங்களே!"

"கேட்டேனா?" என்றது வால்காக்கை. "நீ சொன்னியா? ரெண்டு பேரும் பேச்சு மாறலையே!"

ஓட்டை விழுந்ததும் வெளிச்சம் உள்ளே வந்தது. அம்மாதான் வந்துவிட்டாள் என்று மூன்று குஞ்சுகளும் அலகைத் திறந்தன.

ஒவ்வொன்றாக எடுத்து விழுங்கியது வால்காக்கை. மூன்றாவதை விழுங்கிவிட்டு அலகைக் கிளையில் துடைத்துக்கொண்டது. "வேலைப்பாடு பிரமாதம், தங்கச்சி! பொய் சொல்லலை," என்று சொல்லிவிட்டுப் பறந்தது. அன்று சாயங்காலமே அது வேறொரு செடியருகே, வேறொரு சிட்டிடம், நுணாச் செடிக்காரி தைத்த தாமரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டுத் தவிட்டுக்குருவிகள் ஓடி வந்தன. கொஞ்ச நேரம் அழுதன. பிறகு, "நாங்க அப்பவே நினைச்சோம். நரம்புல போய் யாராவது தைப்பாங்களா?" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டே புதருக்குத் திரும்பின.

துடுக்கனின் வால் தொங்கிப்போயிருந்தது. தாமரையைப் புகழ்ந்த வாயால் பெண்டாட்டியை மட்டும் எப்படித் திட்டுவான்?

ஊசிவாய்ச்சி இரைதேடப் போனாள். புழு ஒன்றைப் பிடித்தாள். பழக்க தோஷத்தில் அதைக் கவ்விக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள். உள்ளே எதுவும் வாயைத் திறக்கவில்லை. அவளும் புழுவைக் கீழே போடவில்லை. அலகில் அது நெளிந்துகொண்டே இருந்தது. இருட்டும் வரை அவள் அங்கேயே நின்றாள்.

ஊரார் பார்த்து மெச்ச வேண்டும் என்று வீட்டை அலங்கரிப்பவர், அந்த வீட்டுக்குள் இருக்கும் உயிர்களையே அதற்கு விலையாகக் கொடுக்க நேரும்.