நாப்பத்தொண்ணாவது வாத்து

படுத்தாச்சா? காலை நீட்டு. போர்வைக்குள்ள என்னது, பொம்மையா? சரி, அதுவும் கேக்கட்டும். ஆனா ஒண்ணு, அத்தை சொல்லும்போது நடுவுல எந்திரிச்சு உக்காந்தே, கதை அப்படியே நின்னுடும். நீ "ம்" சொன்னாத்தான் நான் மேல சொல்லுவேன்.

"ம்."

ஒரே ஒரு ஊர்ல, அந்த ஊரை விடப் பெரிசா ஒரு ஏரி இருந்துச்சாம். மழைக்காலம் கொட்டி முடிச்சதும் அந்த ஏரிக்கு எங்கெங்கேயோ இருந்து பறவைங்க வரும். பனி கொட்டுற ஊர்லேருந்து, மலையெல்லாம் தாண்டி, ராவும் பகலும் பறந்து வரும். வந்து சளக்குனு தண்ணியில எறங்கி, அப்பாடான்னு உக்காரும். அதுல ஒரு வாத்துக் கூட்டம். ஒவ்வொண்ணுக்கும் தலையில ஒரு குட்டிக் குடுமி. அந்தக் கூட்டத்துல ஒரு சின்ன வாத்து, அவ பேரு குடுமிச்சி. மொத மொதல்ல இந்த வருஷந்தான் அம்மா கூட வந்திருக்கா.

குடுமிச்சிக்கு ஒரு பழக்கம். யாராச்சும் அவளைப் பாத்தாப் போதும், புளுக்! தண்ணிக்குள்ள போயிடுவா. கொக்கு பாத்தா புளுக். எருமை பாத்தா புளுக். நீ விருந்தாளி வந்தா பீரோ பின்னால போய் நிக்கிறியே, அதே மாதிரிதான்.

"நான் நிக்கல."

நிக்கல, நிக்கல. யாரோ நிக்கிறாங்க. அப்புறம் என்னாச்சு, பொங்கல் முடிஞ்சுது. அப்போ அம்மா வாத்து சொன்னாளாம், "குடுமிச்சி, நாளைக்கு விடியக்காலைல மனுசங்க வருவாங்க. வருஷா வருஷம் வந்து நம்மள எண்ணுவாங்க."

"எதுக்கும்மா?"

"எதுக்கோ. ஆனா எண்ணிக்கையில வந்தவங்கதான் பத்திரமா வீடு போய்ச் சேருவாங்க. எங்க பாட்டி காலத்துலேருந்து அப்படித்தான்."

குடுமிச்சிக்குப் பெரிய கவலையாப் போச்சு. எண்ணணும்னா பாக்கணும். பாத்தா இவதான் முங்கிடுவாளே! அம்மா மட்டும் ஊருக்குப் பறந்து போய், இவ மட்டும் இங்கேயே தனியா நின்னுட்டா? பாவம், அன்னிக்கு அவ ஒரு நத்தை கூடத் திங்கல. நத்தைன்னா அவளுக்கு உசுரு.

"ம்."

மறுநாள் ஏரி மேல புகை மாதிரி பனி. அப்போ கரையில சரக் சரக்குனு ரெண்டு பேர் வந்தாங்க. புருஷன் பொண்டாட்டி. அவரு பேரு தணிகாசலம், பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. அந்தம்மா தனபாக்கியம், பால்வாடி டீச்சர். வாத்து எண்றதுக்கு அவங்களுக்குக் கூலி கீலி ஒண்ணும் கெடையாது, ஆசைக்குத்தான் வர்றாங்க. ஏரி பெரிசு இல்லையா, அதனால ஆளாளுக்கு ஒரு கரை, இவங்களுக்குக் கெழக்குக் கரை. ரெண்டு பேரும் தனித்தனியா எண்ணணும். ரெண்டு கணக்கும் ஒத்துப் போகணும். கண்ணால பாத்ததை மட்டுந்தான் கணக்குல சேக்கணும். அதுதான் அவங்க சட்டம்.

தணிகாசலம் மூணு கால் வெச்ச டெலஸ்கோப்பை நட்டாரு. டொக், டொக், டொக். குடுமிச்சி பாத்தா, எம்மாம் பெரிய கண்ணு! எருமைக் கண்ணை விடப் பெரிசு! புளுக்!

"நாப்பது" அப்படின்னாரு தணிகாசலம்.

"எனக்கும் நாப்பதுதான்" அப்படின்னாங்க தனபாக்கியம். "ஆனா அங்க பாருங்க. வாத்து எல்லாம் மேலதான் இருக்கு, தண்ணியில மட்டும் ஒரு வளையம் விரியுது. ஒருத்தர் உள்ள இருக்காரு."

"மீனா இருக்கும் பாக்கியம்."

"மீனுன்னா இவ்ளோ பெரிய வளையம் வராதுங்க. திருப்பி எண்ணலாம்."

அப்புறம் ரெண்டாந்தரம். அம்மா வாத்து குடுமிச்சி பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு, "கண்ணை மூடிக்கோடி, பாக்குறது தெரியாது"ன்னு சொன்னா. குடுமிச்சியும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா. தணிகாசலம் எண்ணிக்கிட்டே வர்றாரு. முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது, நாப்பது... அடுத்தது குடுமிச்சிதான்! ஆனா அந்த மனுசன் என்ன பண்ணாரு தெரியுமா? நாப்பது வந்துச்சா, மொதக் கணக்கு சரியா வந்துடுச்சேன்னு சந்தோஷம் தாங்கல. இத்தனை வருஷம் பஸ்ல ஆள் கணக்கு சரியா வந்ததும் என்ன பண்ணுவாரோ, அதையே பண்ணிட்டாரு. கழுத்துல தொங்குன விசிலை எடுத்து, பீ.....ப்! "ரை...ட்! போலாம்!"

"ஹிஹி."

சிரிக்கிற நீ. அங்க ஏரியே எந்திரிச்சுப் போச்சு! படபடபடபட! வாத்து, கொக்கு, நாரை, எல்லாம் ஒரே சமயத்துல மேல. எதிர்க்கரையில எண்ணிக்கிட்டு இருந்தவங்க எல்லாம் "யோவ் கண்டக்டரு!"ன்னு கத்துறாங்க. தனபாக்கியம் அவரை ஒரு பார்வை பாத்தாங்க. அவரு விசிலைச் சட்டைக்குள்ள போட்டு பட்டனையும் போட்டுக்கிட்டாரு. குடுமிச்சி எங்க? அவ அப்பவே புளுக்!

அப்புறம் வெயில் ஏறிடுச்சு. பறவைங்க ஒவ்வொண்ணா வந்து எறங்குச்சு. மத்த கரையில எல்லாரும் வேலை முடிச்சு, இட்லிப் பொட்டலத்தைப் பிரிச்சுட்டாங்க. தணிகாசலத்துக்கு நல்ல பசி. "பாக்கியம், நாப்பத்தொண்ணுன்னே போட்டுக்க. ஒரு வாத்துல என்ன வந்துடப் போவுது?"

தனபாக்கியத்துக்குக் கோவம் வந்துடுச்சு. "பாக்காம எப்படிங்க போடுறது? சாயங்காலம் பால்வாடியில ஒரு புள்ளை கொறைஞ்சா, அது வீட்டுக்குப் போயிருக்கும்னு நெனைச்சுக்கிட்டுக் கதவைப் பூட்டிட்டு வருவேனா?"

அவரு மறுபடியும் டெலஸ்கோப் பக்கத்துல போய் நின்னாரு. நிக்காம இருப்பாரா? ம் சொல்லு.

"ம்..."

மூணாந்தரம். அந்தம்மா டெலஸ்கோப்பை மடக்கிக் கீழ வெச்சுட்டாங்க. கரையிலயே சப்பணம் போட்டு, ஏரிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்துட்டாங்க. "நீங்களும் திரும்புங்க. வெக்கப்படுற புள்ளையை மொறைச்சுப் பாத்தா வராது" அப்படின்னாங்க. அவரும் திரும்பிக்கிட்டு வேர்க்கடலையை உரிச்சாரு. டப்பு... டப்பு...

குடுமிச்சி மெதுவா தலையைத் தூக்கினா. யாரும் பாக்கல. அப்பாடா! அப்புறந்தான் அவளுக்குத் திக்குன்னுச்சு. பாக்கலையே! டெலஸ்கோப்பைக் கூட மடக்கிட்டாங்களே! கெளம்பிடுவாங்களோ? அம்மா போயிடுவாளோ? ஐயோ!

பயந்தாங்கொள்ளி குடுமிச்சி நீந்த ஆரம்பிச்சா. கரையைப் பாத்து நீந்தினா. சலக்... சலக்... அம்மா வாத்து அங்கேருந்து மூச்சு விடாமப் பாக்குறா. கோரைப்புல் பக்கத்துல வந்து நின்னு, குடுமிச்சி சின்னதா ஒரு சத்தம் போட்டா. "க்ர்ரூ."

தனபாக்கியம் மெதுவா திரும்பினாங்க. குடுமிச்சியோட காலு ரெண்டும் தண்ணிக்குள்ள துடிக்குது, முங்கு, முங்குன்னு. கண்ணும் மூடல, முங்கவும் இல்ல. அந்தம்மாவை நேரா பாத்துக்கிட்டே நின்னா. பெரிய கண்ணு எல்லாம் இல்ல, ஓரத்துல சுருக்கம் விழுந்த சாதாரணக் கண்ணுதான்.

"வந்துட்டியா ராசாத்தி" அப்படின்னாங்க தனபாக்கியம். "நாப்பத்தொண்ணு."

தணிகாசலமும் பாத்தாரு. "நாப்பத்தொண்ணு" அப்படின்னாரு. கையில உரிச்ச கடலையைக் கூட வாயில போட மறந்துட்டாரு.

அப்புறம் அவங்க மூட்டையைக் கட்டிக்கிட்டு கரையோரமா நடந்து போனாங்க. குடுமிச்சி முங்காம, அவங்க மறையிற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தா. அன்னிக்கு வயிறு நெறைய நத்தை தின்னா. இருட்டினதும் அம்மா றெக்கைக்குள்ள வந்து படுத்துக்கிட்டா.

"என்னடி, எண்ணினாங்களா?"ன்னு கேட்டா அம்மா.

"எண்ணினாங்கம்மா. நானும் எண்ணிட்டேன்."

"நீ எதை எண்ணினே?"

"அவங்களை. ரெண்டு பேர்."

"அவங்களை எதுக்குடி எண்ணினே?"

"என்னம்மா நீ? நம்மள மட்டும் எண்ணிட்டா போதுமா? அவங்களும் பத்திரமா வீடு போய்ச் சேர வேணாமா?"

ம் சொல்லு, கண்ணு... சொல்லலையா?

சரி. அவங்க வீடு போய்ச் சேந்தாச்சு. கதையும் கரை சேந்தாச்சு. தூங்குடி என் தங்கம்.