பொட்டு வச்ச பக்கம்

ஒரு ஊர்ல ஒரு அணில்குட்டி இருந்துச்சு. ம் கொட்டு இதழினி, இல்லன்னா அத்தை கதைய நிறுத்திருவேன். டீச்சர் உனக்கு மட்டும் வெறும் பேப்பர் குடுத்தாங்கன்னு, நாளைக்கு ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு அழுதியே, அத அப்புறம் பேசிக்கலாம்.

"ம்."

அந்த அணில் கொக்கு டீச்சர்கிட்ட எழுத்துப் படிச்சுச்சு. ஒரு நாள் கொக்கு டீச்சர் தடிப் பேப்பர்ல மெழுகுவர்த்தியால அவங்கவங்க பேரோட முதல் எழுத்த எழுதி, ஆளுக்கு ஒண்ணு குடுத்தாங்க. வெள்ளை மேல வெள்ளை, கண்ணுக்கே தெரியாது. மேல வாட்டர் கலர் அடிச்சா, மெழுகுல கலர் ஒட்டாம எழுத்து பளிச்சுனு வரும். "மூலையில குங்குமப் பொட்டு வச்சிருக்கேன். பொட்டு வச்ச பக்கம் அடிங்க. சாயங்காலம் கொடிக்கயித்துல மாட்டுவோம், உங்க அம்மாங்க பாக்க வருவாங்க"ன்னாங்க.

அப்போ நம்ம அணில் என்ன பண்ணுச்சு? வேர்க்கடலை தின்னுக்கிட்டு இருந்துச்சு. கொறுக், கொறுக். ஒரு வார்த்தை காதுல ஏறல.

"அத்தை, அது நான்தானே?"

சேச்சே, நீ எங்க, அது எங்க. அதுக்கு வால் இருந்துச்சுடி. வாலத்தான் பிரஷ்ஷா வச்சிருந்துச்சு.

அப்புறம் யானைக்குட்டி சர்ருனு அடிச்சுச்சு, 'யா' வந்துச்சு. மயிலுக்கு 'ம' வந்துச்சு. அணில் வால சிவப்புல முக்கி சளக் சளக்னு அடிச்சுச்சு. ஒண்ணும் வரல. அப்புறம் நீலம் அடிச்சுச்சு. வரல. அப்புறம் பச்சை. பேப்பர் புளிக்குழம்பு மாதிரி ஆச்சே தவிர, எழுத்து வரல.

அப்போ அதுக்கு அழுகை வந்துருச்சு. "எல்லாருக்கும் எழுதுன டீச்சர் எனக்கு மட்டும் எழுதல. என்னை அவங்களுக்குப் பிடிக்கல"ன்னு அழுதுச்சு. மனசு வலிக்குமா வலிக்காதா, நீயே சொல்லு.

"வலிக்கும்."

வலிக்கும்தான், பாவம். அப்புறம் கோவத்துல பேப்பரத் தூக்கி எறிஞ்சுச்சா, அது தொப்புனு குப்புற விழுந்துச்சு. பாத்தா, மூலையில பொட்டு! இவ்வளவு நேரமும் முதுகுக்கே கலர் அடிச்சிருக்கு நம்ம கெட்டிக்காரி. மிச்சம் இருந்த மஞ்சள வாலால பயந்து பயந்து தடவுச்சு. கொஞ்சங்கொஞ்சமா 'அ' முழுசா வந்துச்சு. டீச்சர் அத எல்லாத்துக்கும் முன்னால மாட்டுனாங்க, 'அ'தானே முதல்ல வரணும்.

ம் கொட்டு. எங்கடி எந்திரிச்சு ஓடுற? பையை எதுக்கு உருட்டுற?

"அத்தை, என் பேப்பர்லயும் பொட்டு இருக்கு."

இருக்கா? அப்போ வால் இல்லாத அணிலும் இந்த ஊர்ல உண்டு. காலைல சீக்கிரம் எழுப்புறேன், கலர் அடிச்சு ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போ. இப்போ வந்து படு. அணில் கூட்டுக்குப் போயாச்சு, கதை கொடியில காயுது, நீ கண்ண மூடு.