இருபத்தொன்பதாம் எண்

மறுநாள் மகள் பெனிட்டாவுக்குக் கல்யாணம். அவள் கோயிலுக்குள் நடந்து வரும்போது நானே வாசிப்பேன் என்று தேவசகாயம் வாக்குக் கொடுத்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் கீபோர்டு கற்றுக்கொண்டதே அதற்காகத்தான்.

நேரம் பார்த்துப் பழைய கீபோர்டு வாயை மூடிக்கொண்டது. சபை வேறு கம்பெனி கீபோர்டு வாங்கியது. தேவசகாயம் தம்முடைய ஸ்டைலை, அதாவது பாட்டோடு தானாக ஓடும் தாளத்தை, பென் டிரைவில் கொண்டுவந்து ஏற்றினார். டிரம் உருள வேண்டிய இடத்தில் தகரத்தைச் சுரண்டினாற்போல் ‘கிர்ர்ர்’ என்றது.

“நான் ஒண்ணையும் தொடல, டீச்சர். அதே ஸ்டைல்தான். மக நடந்து வரயில இப்படிச் சுரண்டுனா சபையே சிரிக்குமே!”

பாடகர் குழுவை நடத்தும் ஷெர்லின் டீச்சர் அவரைவிடப் பல வயது இளையவர். கம்ப்யூட்டரில் ஸ்டைலைத் திறந்து பார்த்தார்.

“ஸ்டைலுக்குள்ள சத்தம் கிடையாது, நம்பர்தான். அந்த இடத்துல இருபத்தொன்பதுன்னு இருக்கு, அண்ணாச்சி. இந்தப் புதுக் கீபோர்டும் தன்னோட இருபத்தொன்பதைத்தான் அடிக்குது.”

“பழைய கீபோர்டுலயும் அதே நம்பர்தானா?”

“அதேதான்.”

“அப்ப எது கெட்டுப்போச்சு? ஸ்டைலா, மெஷினா? எனக்கு ஒரு மண்ணும் புரியல.”

டீச்சர் ஒத்திகைக்கு வந்திருந்த பாடகர்களிடம் திரும்பினார்.

“இருபத்தொன்பது. பாடுங்க.”

பெண்கள் கையில் கறுப்பு அட்டை போட்ட பழைய பாட்டுப் புத்தகம். ஆண்கள் கையில் நீல அட்டை போட்ட புதுப் பதிப்பு. இந்தப் பக்கம் அடக்கத்துக்குப் பாடும் பாட்டு அழ ஆரம்பித்தது. அந்தப் பக்கம் அறுப்புப் பண்டிகைப் பாட்டு துள்ளியது.

தேவசகாயம் காதைப் பொத்திக்கொண்டார். “நிறுத்துங்க! எந்தப் புத்தகம்னு சொல்ல வேண்டாமா, டீச்சர்?”

“யாரு தப்பாப் பாடுனா?”

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். எல்லாரும் இருபத்தொன்பதைத்தான் விரித்து வைத்திருந்தார்கள்.

“யாருமில்ல,” என்றார்.

புதுக் கீபோர்டில் டிரம் உருளும் ஓசை எந்த எண்ணில் இருக்கிறது என்று டீச்சர் தேடிப் பிடித்தார். ஸ்டைலில் அந்த எண்ணை மாற்றிப் போட்டார். டிரம் ஜோராக உருண்டது. தேவசகாயம் முகம் மட்டும் தெளியவில்லை.

“இன்னும் என்ன, அண்ணாச்சி?”

“பெனிட்டா பேசாம உக்காந்திருந்தா பசின்னு எனக்குத் தெரியும். அவ எங்கிட்ட வாய் தொறந்து கேட்டதே இல்ல. நிச்சயத்தன்னிக்கும் அப்படித்தான் உக்காந்திருந்தா. மாப்பிள்ளை வீட்டுல திமிருன்னு பேசிக்கிட்டாங்களாம். அவங்களும் நல்ல மனுசங்கதான், டீச்சர். எம் பிள்ளையும் நல்ல பிள்ளைதான். பெறகு ஏன் இப்படி?”

டீச்சர் பென் டிரைவைக் கழற்றி அவர் கையில் வைத்தார்.

“அந்த வீட்டுல வேற புத்தகம், அண்ணாச்சி. வீட்டுக்குப் போயி மகள்ட்ட பேசுங்க. வெறும் நம்பரை மட்டும் குடுத்து அனுப்பிராதீங்க.”