செருப்புப் போட்ட தேவன்

சீனத்தில் ஆற்றங்கரை ஊர் ஒன்றின் அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் எருது நின்றிருந்தது. மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த படம். எருதுக்குப் பக்கத்தில் வசந்த தேவன். கையில் சாட்டை, இரண்டு காலிலும் வைக்கோல் செருப்பு.

அந்த ஊரில் புத்தாண்டுதோறும் இப்படி ஒரு படம் வாங்கிச் சமையலறைச் சுவரில் ஒட்டுவார்கள். தேவன் வெறுங்காலோடு இருந்தால் அந்த ஆண்டு பெருமழை; செருப்புப் போட்டிருந்தால் வறட்சி. அதைப் பார்த்துத்தான் விதைப்பு. ஆண்டு முடிந்ததும் கிழித்துவிட்டு அடுத்ததை ஒட்டுவார்கள்.

"நம்மை மட்டும் ஏன் கிழிக்கவில்லை?" என்று தேவன் கேட்டார்.

"தரம்!" என்றது எருது.

கீழே இருந்த குறிப்பு அட்டை தொண்டையைக் கனைத்தது. "அறுபத்தெட்டு ஆண்டுப் பழமை. எஞ்சியிருக்கும் ஒரே பிரதி. விலைமதிப்பற்றது."

ஒரு நாள் லுவோ என்ற வயதான உழவர் அம்மாள் வந்தார். படத்தைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார்.

"காப்பாளர் தம்பி, இது வெள்ளத்து வருசப் படமில்ல? அச்சுக்காரன் காலை மாத்திச் செதுக்கிட்டான். இந்தச் செருப்பை நம்பி எங்கப்பா ஆத்தோரமா விதைச்சார். அறுப்புக்கு முன்னாடி வீடே மிதந்துச்சு. ஊரே இதைக் கிழிச்சு மீன் பொதிஞ்சுது. இது மட்டும் எப்படித் தப்பிச்சுது?"

"விற்காமல் போன பழைய படங்களுக்கு நடுவே கிடந்தது, அத்தை," என்றார் காப்பாளர் ஃபெங். குரல் இறங்கியிருந்தது. "தப்பான படத்தை வைத்திருக்கலாமா என்று மேலிடத்தைக் கேட்க வேண்டும்."

அவர்கள் போனதும் எருது பெருமூச்சு விட்டது. "ஒரு சால்கூட உழாமல் அறுபத்தெட்டு ஆண்டு நின்றிருக்கிறேன். அதைத் தரம் என்று வேறு சொல்லிக்கொண்டேன். இனி மீன் பொதியத்தான்."

"விலை போகாதது, விலைமதிப்பற்றது. இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?" என்றது அட்டை. "கொஞ்சம் வருசம். அவ்வளவுதான்."

மேலிடத்தின் பதில் வருவதற்குள் ஆறு வந்துவிட்டது.

தண்ணீர் வாசற்படி ஏறியபோது ஃபெங் கால்சட்டையைச் சுருட்டினார். காலணியைக் கழற்றி எறிந்தார். பெட்டியைத் திறந்து, படத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கினார். வெளியே லுவோ அம்மாள் விதைமூட்டைகளோடு படகில் இருந்தார்.

"வறட்சின்னு சொன்ன சாமியை வெள்ளத்துல சுமக்கிறியா? உனக்குப் புத்தி இருக்கா?"

"மேலிடம் இன்னும் பதில் போடவில்லை, அத்தை."

"ஏறித் தொலை!" என்று ஒரு மூட்டையைத் தன் மடியில் இழுத்துப் போட்டு இடம் விட்டார்.

ஃபெங் படகில் ஏறி உட்கார்ந்தார். தேவன் தன் செருப்பைப் பார்த்தார். பிறகு, சேறு வடியும் ஃபெங்கின் வெறுங்கால்களைப் பார்த்தார்.

"இவரைத்தான் அச்சடித்திருக்க வேண்டும்," என்றது எருது.